மேனேஜர் அவசரமாக எழுதிய நாட்கள்

புளிமூட்டையோடு பள்ளி மைதானத்தில் காத்திருந்து ஏமாந்தவர்கள் நேராக எங்கள் ரேடியோ ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்கள். ஜவ்வாது மலையில் அந்தச் சின்ன ரேடியோ சொன்னதை நம்பித்தான் ஜனங்கள் சுமையோடு நடந்து வருவார்கள். கொள்முதல் லாரியோ வழக்கம்போல் குடோனுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. மைதானம் என்று வாசித்தவள் அறிவிப்பாளர் ஸ்டெல்லா, சந்தவாசல் பெண். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டார்.

"நா வெளியூர் போற நாளா பாத்துத்தான் இவ தப்பு பண்றா. பயம் வுட்டுப் போச்சு" என்றார் என்னிடம். முன்பு நடந்த குளறுபடிகளும் அவர் ஊரில் இல்லாத நாட்களில்தான் என்பது உண்மை.

நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். மேனேஜர் ஆபீஸில் அறிவிப்பை டைப் செய்து சேவ் செய்வார். ஸ்டுடியோவில் அதே ஃபைல் திறந்திருக்கும். ஃபைல் மாறிவிட்டது, ரீலோட் செய்யவா, அதாவது புதியதை ஏற்றவா என்று எடிட்டர் சாஃப்ட்வேர் கேட்கும். ஸ்டெல்லா ஆமாம் என்று அழுத்திவிட்டு வாசிப்பாள். மேனேஜர் ஆபீஸ் ஃபைலை எனக்குத் திறந்து காட்டினார். அதில் புளி லாரி வரும் என்றுதான் இருந்தது, மைதானம் என்ற பேச்சே இல்லை.

"ஸ்கிரீன்ல இன்னா இருந்துச்சோ அதத்தாண்ணா படிச்சேன்" என்றாள் ஸ்டெல்லா. நம்பினேன். காரணம், அந்த எடிட்டரை எழுதிக் கொடுத்தது மேனேஜரின் அக்கா மகன். போன் செய்தேன். அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடச் சொன்னான். அவன் படித்த படிப்பில் எல்லா வியாதிக்கும் அந்த ஒரு மாத்திரைதான் போலிருக்கிறது.

புளி அறிவிப்புக்கு முந்தைய நாள் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். அதன் கடைசி வரி, 'காலை எட்டு மணிக்குள் பள்ளி மைதானத்துக்கு வந்துவிடவும்.' அப்போதே பிடிபட்டது. மேனேஜர் புது ஃபைல் திறக்க மாட்டார், நேற்றையதையே அழித்துவிட்டு எழுதுவார். வணக்கம், வானிலை, தன் பெயர் என்று பக்கம் நிரம்பாமல் எழுந்திருக்கவும் மாட்டார். பஸ் பிடிக்கும் அவசரத்தில் மட்டும் ஒரு வரி குறையும். அப்படிக் குறைந்தால் ரீலோடில் பழைய கடைசி வரி போகாமல் கீழே ஒட்டிக்கொள்ளும். எடிட்டரை மூடித் திறந்தால் தடயமே இருக்காது.

நிரூபிப்பதற்காக அவரையே சுருக்கமாக ஒன்று எழுதச் சொன்னேன். மனிதரால் முடியவில்லை, பக்கம் நிரம்பிவிட்டது. அவர் சேவ் செய்ததும் ஸ்டுடியோவில் ரீலோட் செய்தோம். பிறகு நானே கடைசி இரண்டு வரிகளை அழித்து சேவ் செய்து, மறுபடி ரீலோட் செய்தேன். அழித்த வரிகள் ஸ்டுடியோ திரையில் ஜம்மென்று நின்றன.

"இனிமே பக்கத்த ரொப்பி எழுதிட்டாப் போச்சு. இதுக்குப் போயி அக்கா பையன் செஞ்சத மாத்துவாங்களா?" என்றார். அவரைக் கேட்காமலே வேறு எடிட்டர் போட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். மேலதிகாரி இல்லாதபோதுதான் கோளாறு வருகிறது என்றால், அவர் கிளம்புவதற்கு முன் என்ன செய்தார் என்று முதலில் பாருங்கள்.

"என் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்" என்று மேனேஜரிடம் கேட்டாள் ஸ்டெல்லா. அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டேஷன் தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தார். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. கடைசியில் திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் அவ்வளவு பேச்சிலும் வரவில்லை.