மறந்துபோன சில்லுகள்

சின்ச்சு நகரத்தில் முதுகலை படித்த இரண்டு வருடமும் பெங் ரோசியின் விரல்களில் ஒட்டுநாடாவின் பிசுக்கு போகவே இல்லை. கரிய மாலிப்டினம் சல்பைடு படிகத்தில் நாடாவை ஒட்டி உரிப்பாள். உரித்ததை மறுபடி உரிப்பாள். கடைசியில் மிஞ்சுவது மூன்று அணு கனமுள்ள ஏடு. அதை ஒரு மின்னணுச் சில்லின்மேல் படுக்கவைத்து மின்துடிப்பு கொடுத்தால், அந்தத் துடிப்பை அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூளையைப் போல இயங்கும் கணினிக்கான நினைவகம் அது. வைத்துக்கொண்டால் ரோசிக்கு முனைவர் படிப்பு. இல்லாவிட்டால் வேலை தேட வேண்டியதுதான்.

சில்லுகள் நாற்பது நொடியில் மறந்தன.

ரோசி டயர் கடைக்காரரின் மகள்; குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எது தவறினாலும் தன் கைதான் காரணம் என்று நினைப்பாள். ஆனால் ஒரு நாள் துடிப்பை ஐந்து முறை அடுத்தடுத்துக் கொடுத்தபோது நினைவு மூன்று நிமிடம் நின்றது. இருபது முறை கொடுத்தபோது மதியச் சாப்பாடு முடியும்வரை நின்றது.

"அண்ணே, திரும்பத் திரும்பத் தட்டினா மெதுவா மறக்குது. ஏதோ ஒழுங்கு இருக்கு," என்றாள் மூத்த மாணவன் மிங்ஜுங்கிடம்.

அவன் சில்லைப் பார்க்கவில்லை. அந்த ஊர் ஆய்வக வழக்கப்படி, கருவி சொன்னபடி கேட்கட்டும் என்று அதன் தலையில் வைத்திருந்த பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அடிப்பாவி! தேதி போன மாசமே முடிஞ்சிருச்சு. ஊசிப்போனதைப் படைச்சா எந்த மிஷினு பேச்சக் கேக்கும்?"

ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ரோசி இன்னும் உரக்கச் சிரித்தாள். குற்றம் பொட்டலத்தினுடையது, தன் கையினுடையது அல்ல! ஓடிப்போய்ப் புதியது வாங்கிவந்தாள். பழைய பொட்டலத்தோடு சில்லுப் பெட்டியும் குப்பைக்குப் போனது. அட்டவணையில் 'தோல்வி' என்று மட்டும் எழுதினாள். புதுப் பொட்டலத்துக்கும், புதிதாகச் செய்த சில்லுகள் மசியவில்லை. அவள் தொழிற்சாலை வேலைக்குப் போனாள்.

ஆறு வருடம் கழித்து அவளுடைய பழைய பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"உன் பழைய சில்லு ஏதாச்சும் இருக்காம்மா? இப்போ மறக்கிற சில்லுதான் வேணுமாம். அடிக்கடி வர்றத வச்சுக்கிட்டு, மத்தத விட்டுரணும். மூளை அப்படித்தானே?"

"தூக்கிப் போட்டுட்டேன், சார்."

"அட்டவணையில 'தோல்வி'ன்னு மட்டும் இருக்கு. எண்ணாவது எழுதியிருக்கலாமே. யாராச்சும் வேணாம்னாங்களா?"

மிங்ஜுங்கின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவன் கேலிதான் செய்தான். அந்த ஒழுங்கைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் எழுதல."

நாற்பது நொடி, மூன்று நிமிடம், மதியச் சாப்பாடுவரை. அவளுக்கு இன்னும் மனப்பாடம். சில்லும் குறிப்பும் இல்லாமல் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?