ஆள் இருக்கிற வெளிச்சம்

விளக்குக் கடையில் அவளை எல்லோரும் நிழலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யாராவது பளபளப்பான விளக்கு ஒன்றைக் காட்டி விலை கேட்டால், "வெளிச்சம் கிடக்கட்டும், நிழல் எங்க விழும்னு முதல்ல பாருங்க" என்பாள். அதனால் வந்த பெயர். வீடு கட்டுகிறவர்கள் வரைபடத்தைக் கொண்டுவந்தால், எந்த அறைக்கு எத்தனை விளக்கு, எங்கே, என்ன நிறம், சுவிட்ச் எந்தப் பக்கம் என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

வரைபடத்தை மட்டும் நம்பி எதையும் குறிக்க மாட்டாள். வீட்டுக்கே போய், பூச்சு காயாத சுவர்களுக்கு நடுவே நின்று கேள்வி கேட்பாள். காலையில் முதலில் எழுந்திருப்பது யார்? பையை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பீர்கள்? படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் உண்டா? சிலர் சிரிப்பார்கள், சிலர் கடுப்பாவார்கள். ஆனால் பதில் சொல்லும்போது அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் பிரியம், யாருக்கு யாரோடு ஆகாது என்பதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். நாற்பத்தேழு வயதில் மற்றவர்களின் வீடுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது குறைவு. அவளுடையது மாடியில் ஒரு வாடகை அறை. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், பிறகு பேச்செடுக்கவே ஆளில்லாமல் போயிற்று.

ஒரு நாள் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கடைக்கு வந்தார். எழுபத்தொரு வயது. மனைவி இறந்து எட்டு வருடம். மகள் வெளிநாட்டில். பழைய வீட்டை விற்றுவிட்டு, ஊரின் ஓரத்தில் புதிதாக வந்த தெருவில் சின்னதாக ஒன்று கட்டியிருந்தார். கீழே ஹாலும் சமையலறையும் படுக்கையறையும், மேலே ஓர் அறை.

"முப்பத்தாறு வருஷம் ஜனங்களை மேல ஏத்திவிட்டவன்மா நான். ஆனா நான் இன்னும் கீழயேதான் இருக்கேன்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது நிழலக்கா தன் கேள்விகளை ஆரம்பித்தாள். அவர் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். மேல் அறை யாருக்கு என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினார்.

"யாருக்கும் இல்ல. ஆனா அங்க ராத்திரி ஒன்பது வரைக்கும் லைட் எரியணும். சமையலறையில ஆறரைக்கு. ஹால்ல ஏழு மணிக்கு. எல்லாம் தானா எரிஞ்சு தானா அணையணும்."

"திருட்டு பயமா சார்?"

"அப்படியே வெச்சுக்கோ." ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "சாயங்காலம் நடந்துட்டுத் திரும்பி வரேன்ல, வீடு இருட்டா இருந்தா கால் உள்ள போக மாட்டேங்குது. நாலு பேர் இருக்கற மாதிரி தெரியணும்மா. வெளியிலேர்ந்து பாத்தா."

நிழலக்கா தலையாட்டினாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. குளியலறைக் கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்கு வைக்காமல் இரு பக்கமும் வைத்தாள். சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே நிழல் விழாது. வாசல் விளக்குகள் கண்ணில் அடிக்காமல் தரையைப் பார்த்தன. மரத்தின் அடியில் ஒன்று, மதில் ஓரம் இரண்டு. உள்ளே எங்கும் இளமஞ்சள். டைமர்களை அவரே உட்கார்ந்து நேரம் வைத்தார். இயந்திரத்தோடு வாழ்ந்த விரல்கள், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டன. முதல் நாள் மாலை இருவரும் தெருவில் நின்று பார்த்தார்கள். சமையலறை எரிந்தது. பிறகு ஹால். பிறகு மாடி. யாரோ காபி போட்டுவிட்டு, பேசிக்கொண்டே படியேறிப் போனதுபோல இருந்தது.

"போதும்மா" என்றார் அவர்.

நான்கு மாதம் கழித்து, மரத்தடி விளக்கு மண்ணில் சாய்ந்துவிட்டது என்று கடைக்குப் போன் செய்தார். இரண்டு நாள் தள்ளி ஒரு மாலை நிழலக்கா போனாள். வெளி விளக்கைத் திருப்பி வைக்க அந்தி நேரம்தான் சரி. மணியை அழுத்தினாள். பதில் இல்லை. கேட்டுக்கு உள்பக்கம் இரண்டு நாள் செய்தித்தாள்கள் பிரிக்காமல் கிடந்தன.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலுக்கு வந்தாள்.

"பெரியவர் உள்ளதான் இருக்காரு. நேத்து ராத்திரிகூட மாடியில லைட் எரிஞ்சுதே. தூங்கறாரோ என்னவோ."

அப்போது மணி ஆறரை. சமையலறை விளக்கு எரிந்தது.

"பாத்தியா, சமையல்கட்டுல இருக்காரு" என்றாள் தையல்காரம்மா.

அந்தத் தெருவில் அந்த வெளிச்சத்துக்கு அர்த்தமில்லை என்று தெரிந்தவள் நிழலக்கா ஒருத்திதான்.

"இல்லக்கா. அது அவர் போட்ட லைட் இல்ல. அது தானா எரியறது. வீட்ல யாராவது ஆம்பளைங்க இருந்தா கூப்பிடுங்க, சீக்கிரம்."

தையல்காரம்மாவின் கணவர் வந்து பின்கதவின் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். குளியலறை வாசலில் பெரியவர் கிடந்தார். முந்தின நாள் காலை வழுக்கி விழுந்தவர். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் அசைந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் நிழலக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கடையில் அரைநாள் லீவு கேட்டபோது, "யாரு, சொந்தமா?" என்று முதலாளி கேட்டார். "இல்ல" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"உன் பிளான் பிரமாதமா வேலை செஞ்சுதும்மா" என்றார் அவர். அவள் தலை குனிந்ததைப் பார்த்து, "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார். பிறகு மெல்லிய குரலில் பேசினார். "ஒவ்வொண்ணா எரியும்ல. எரியறப்பல்லாம் யாரோ வந்துட்டாங்கன்னு நினைச்சேன். பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வரும், டைம் வெச்சதே நான்தானேன்னு."

யார் பெயரைக் கூப்பிட்டார் என்று அவள் கேட்கவில்லை.

மகள் பத்து நாள் லீவில் வந்தாள். தன்னோடு வரச்சொல்லி மன்றாடினாள். அவர் அசையவில்லை. வீட்டுக்குப் பகலில் மட்டும் வந்துபோக ஒரு நர்சம்மாவை ஏற்பாடு செய்துவிட்டு, அழுதுகொண்டே விமானம் ஏறினாள்.

ஏழு வாரம் கழித்து அவர் வீடு திரும்புவதற்குள் நிழலக்கா திட்டத்தை மாற்றி வரைந்தாள். டைமர்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். படுக்கையிலிருந்து குளியலறை வரை தரையை ஒட்டிச் சின்ன விளக்குகள், கால் கீழே பட்டதும் எரிகிற மாதிரி. வாசலில் ஒரே ஒரு விளக்கு. அது தானாக எரியாது. தினமும் ஏழு மணிக்குள் அவர் கையால் போட வேண்டும். போடாவிட்டால் தையல்காரம்மா வந்து பார்ப்பாள். மாற்றுச் சாவி அவளிடம்.

"ஸ்கூல் பையன் மாதிரி அட்டெண்டன்ஸா?" என்று முனகினார் அவர். ஆனால் ஒத்துக்கொண்டார்.

அதன்பின் ஒரு முறை விளக்கு எரியத் தாமதமானதாம். தையல்காரம்மா அளவெடுத்துக்கொண்டிருந்தவளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாளாம். அவர் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். திட்டினாராம், பிறகு உட்காரச் சொல்லி டீ கொடுத்தாராம். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை தாமதமாகவே எரிந்தது. இதைத் தையல்காரம்மா போனில் சொல்லிச் சிரித்தபோது நிழலக்காவும் சிரித்தாள்.

அவளுக்கு அந்த வீட்டில் இனி வேலை இல்லை. எல்லா விளக்கும் சரியாக எரிகிற வீட்டுக்கு விளக்குக்காரி என்ன சாக்கு சொல்லிப் போவாள்? இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது எட்டிப் பார்த்தாள். தெரு உள்ளே தள்ளி இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் அறைச் சாவிக்கு நகல் ஒன்று வெட்டிக்கொண்டு வந்தாள். கீழ்வீட்டு அம்மாவின் கதவைத் தட்டினாள்.

"இது என் ரூம் சாவிங்க. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்னு."

"சரி" என்றாள் அந்த அம்மா. எதற்கு என்று கேட்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஏற்கெனவே நான்கைந்து சாவிகள் தொங்கின. அவற்றோடு அதையும் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நிழலக்கா படியேறினாள். பாதியில் நின்று, எது தன் சாவி என்று அடையாளம் சொல்லவில்லையே என்று யோசித்தாள். பிறகு, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலே போனாள்.