ஐந்து மணிக்குப் பிறகு வந்தவர்கள்

வகுப்பில் எல்லாரையும்விட உயரம் என்பதால் அவளைக் கொடிக்கம்பம் என்றுதான் கூப்பிடுவோம். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. வீடு ஒரே அறை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் எழும்வரை விளக்குப் போடக்கூடாது, வாய்விட்டுப் படிக்கக்கூடாது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் கோட்டை விட்டாள்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டால் நேரே பொது நூலகம். முதலில் இடத்துக்காகத்தான் போனாள். மின்விசிறி, நீள மேசை, யாரும் எழுப்பிவிடாத நாற்காலி. பாடப்புத்தகத்தில் மின்னோட்டம் அரைப் பக்கம். அங்கே அலமாரியில் அதற்கே தனிப் புத்தகம், படம் போட்டு.

"இதைப் படிச்சப்புறம்தான் டீச்சர் என்ன சொன்னாங்கன்னே புரிஞ்சுது" என்றாள் என்னிடம்.

நானும் ஒட்டிக்கொண்டேன். பிறகு மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒருத்திக்குக் கணக்கு வரும், இன்னொருத்திக்கு இங்கிலீஷ் வரும். தெரிந்ததைக் கொடுத்து, தெரியாததை வாங்கிக்கொண்டோம். முழு ஆண்டுத் தேர்வில் அவளுக்கு அறிவியலில் எழுபத்திரண்டு.

பத்தாம் வகுப்பு தொடங்கிய வாரம் நூலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் முதல் ஏழு மணிக்குப் பதில் ஐந்து மணிக்கே மூடிவிடுவார்களாம். எங்களுக்குப் பள்ளி விடுவதே நாலரைக்கு.

கொடிக்கம்பம் நேராக நூலகரிடம் போனாள். "என்ன மேடம், எங்களைத் துரத்துறீங்களே?"

"நானா துரத்துறேன்? மேலிடத்து உத்தரவும்மா. அஞ்சு மணிக்கு மேல ஆளே வர்றதில்லைன்னு எழுதியிருக்காங்க."

"தினமும் இருபது பேர் உட்கார்ந்திருக்கோமே. நாங்க ஆளில்லையா?"

நூலகர் வாசல் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். காலையில் நாளிதழ் படிக்க வருகிறவர்களின் கையெழுத்து வரிசையாக இருந்தது. நாலரைக்குப் பிறகு எதுவுமே இல்லை. எங்களில் ஒருத்தரும் அதில் கையெழுத்துப் போட்டதில்லை. நாற்காலி பிடிக்கிற அவசரத்தில் தினமும் அதைத் தாண்டி ஓடியிருக்கிறோம்.

"சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு நானும் விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு" என்றார் நூலகர்.

கொடிக்கம்பத்தின் முகம் சுண்டிப்போனது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "யார் மேலயும் கோபப்பட முடியலடி. நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்."

மறுநாளிலிருந்து வாசலில் நின்றாள். "பேரு, வகுப்பு, வந்த நேரம். எழுதிட்டு உள்ள போ."

"இவ என்ன வாட்ச்மேனா?" என்று முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு மூட ஆரம்பித்த பிறகும் விடவில்லை. கால் மணி நேரமே கிடைத்தாலும் வரச்சொன்னாள். மாதக் கடைசியில் நானூற்றுச் சொச்சம் கையெழுத்து சேர்ந்தது.

மேலிடத்துக்கு அனுப்பும் கடிதத்தை நான்தான் முதலில் எழுதினேன். "எங்கள் எதிர்காலத்தை இருட்டாக்காதீர்கள்" என்று ஆரம்பித்திருந்தேன். அவள் அதை அடித்துவிட்டாள்.

"அழுது காட்ட வேணாம். நடக்கிறதைச் சொன்னாப் போதும்."

எங்களில் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை, எந்தப் பாடத்தில் எவ்வளவு மார்க் ஏறியது, பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது என்று மட்டும் எழுதினாள். பதிவேட்டுப் பக்கங்களை நகலெடுத்து அதோடு வைத்தாள். நூலகரும் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார்.

ஆறு வாரம் பேச்சு மூச்சில்லை. பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்தார். ஐந்து மணி, மணியடித்து எங்களை வெளியேற்றிக்கொண்டிருந்த நேரம். பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியே வந்த பிள்ளைகளை அவர் கதவோரம் நின்று எண்ணினார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நேரம் மறுபடியும் ஏழு மணியாக நீண்டது, சனிக்கிழமை மட்டும் ஐந்து மணியேதான். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை என்று நான் குறைப்பட்டேன். "சனிக்கிழமை எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கு" என்றாள் அவள்.

பத்தாம் வகுப்பில் எங்கள் மேசையில் யாரும் தோற்கவில்லை. அவள் வேதியியல் படித்து, இப்போது குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். குடும்பம் பெரிய வீட்டுக்கு மாறிவிட்டது. அவளுக்கென்று தனி அறை, தனி மேசை. ஆனாலும் போன வருஷம் பதவி உயர்வுத் தேர்வுக்கு நூலகத்துக்குப் போய்த்தான் படித்தாள். ஏன் என்று கேட்டேன்.

"வீட்ல ரொம்ப அமைதியா இருக்குடி. தூக்கம் வந்துடுது."