பிஞ்சு வெட்டாத தோட்டமும் பெங்களூர் மேனேஜரும்

திராட்சை வாங்குகிற உத்தியோகம் என்றால் நாளெல்லாம் இனிப்பாகத் தின்றுகொண்டிருக்கலாம் என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் என்னோடு வந்து பல் கூசிப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பதுகளில் பெங்களூரில் பழரசம் போடுகிற ஒரு கம்பெனிக்காக ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பழத்தைப் பிழிந்து, சாற்றில் ஒரு கண்ணாடி மிதவையை விடுவேன். சாறு இனிப்பாக இருந்தால் மிதவை தலை தூக்கி நிற்கும், நீர்த்துப்போயிருந்தால் முழுகிவிடும். முழுகினால் பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பேன். ஊர் ஊராகப் போய் ‘சரியில்லை’ என்று சொல்கிற வேலை பார்த்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

அந்த வருஷம் பேரிகை ஊர்த் திம்மராயப்பாவின் தோட்டம்தான் எனக்குப் பெரிய தலைவலி. முந்தின அறுவடையில் அவர் பழம் புளிக்கிறது என்று கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. இந்தத் தடவையும் திரும்பினால் பந்தல் கல்தூணையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேழ்வரகு விதைத்துவிடுவதாக மனுஷன் சொல்லிவிட்டார். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று கம்பெனி மேனேஜரும் சொல்லிவிட்டார். நடுவில் நான்.

ஆட்டுக்கிடையும் இலையும்

கவாத்து முடிந்து கொடிகள் மொட்டையாக நின்றபோது திம்மராயப்பா பந்தலுக்கு அடியில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார். கேழ்வரகுக் கொல்லைக்குப் போட்டுப் பழகிய கை. உரம் ஏறி, இலை கூரை வேய்ந்தது மாதிரி அடைத்துக்கொண்டது. பிஞ்சு விட்ட சமயம் நான் போனேன். உள்ளே பட்டப்பகலில் ஆள் முகம் தெரியவில்லை. வெயில் படாத குலைக்கு நிறமும் ஏறாது, புளிப்பும் இறங்காது. குலையைச் சுற்றியிருக்கிற இலையையாவது கிள்ளிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே கிள்ள ஆரம்பித்தவர் சொன்னார்: “ஊர்ல அத்தனை பேரும் இந்தப் பச்சையப் பாத்துக் கண்ணு வைக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்து குலை எங்கேன்னு கேக்கறீங்க.”

பிஞ்சில் கத்தி

இலை விலகிய பிறகுதான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது. ஒவ்வொரு கொடியிலும் தாங்கமுடியாத குலை. அத்தனையையும் விட்டுவைத்தால் எதிலும் இனிப்பு ஏறாது, பாதியைப் பிஞ்சிலேயே வெட்டியாக வேண்டும் என்றேன். திம்மராயப்பா என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். மருமகள் கெம்பம்மா பிள்ளைத்தாய்ச்சி. அவள் பெற்றுப் பிழைக்கிறவரை அந்த வீட்டில் எந்தப் பிஞ்சிலும் கத்தி வைக்க மாட்டார்களாம். பூசணிப் பிஞ்சைக்கூடக் கிள்ளுவதில்லையாம். கூலிக்கு வெட்டவும் யாரும் வரமாட்டார்கள். பந்தல் போனாலும் போகட்டும் என்றார். வயிற்றிலிருக்கிற பிள்ளைக்காக ஒரு குடும்பமே பயப்படும்போது, நான் போய்க் கண்ணாடி மிதவையைப் பற்றி என்னத்தைப் பேசுவது?

மோர் கொண்டுவந்த கெம்பம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நிறைமாதம் நெருங்கியிருந்தது, நிற்கவே மூச்சு வாங்கியது. பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டு கொடியை அண்ணாந்து பார்த்தாள். மாமனார் எதிரில் வாய் திறக்காத பெண் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்குத் திறந்தாள்: “ஒண்ணைச் சொமக்கறதுக்கே எனக்கு இடுப்பு ஒடியுது மாமா. அது எத்தனையத்தான் சொமக்கும்? பாதிய எறக்கி வுடுங்க.”

எல்லையில் நுரை

மருமகள் சொன்னபடியே திம்மராயப்பா தன் கையாலேயே பாதிக் குலையை வெட்டி இறக்கினார். மீதி பழுப்பதற்குள் உத்தனப்பள்ளியில் ஒரு தோட்டம் அறுவடைக்கு வந்தது. நான் பழத்தைச் சோதித்துச் சரி சொல்லிவிட்டு வந்த மறுநாள், தோட்டக்காரர் கவலை மாட்டை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கட்டோ கட்டென்று கட்டியிருக்கிறார். பழம் பருத்தால் எடை நிற்குமே! எடை நின்றது, தோல் வெடித்தது. போதாததற்கு, நான் ஏறிப் போன லாரியும் வழியில் மக்கர் பண்ணி வெயிலில் காய்ந்தது. எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடைக்கு அடியில் சாறு வழிந்து நுரைத்துக்கொண்டிருந்தது. நம் பக்கம் மதுவிலக்கு, பெங்களூர்ப் பக்கம் கடை உண்டு. வாசனை பிடித்து வந்த போலீஸ்காரர் கூடையை முகர்ந்து பார்த்தார், டிரைவரை முகர்ந்து பார்த்தார், கடைசியில் என்னையும் முகர்ந்து பார்த்தார். வழி மறித்த கட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் அங்கேயிருந்து இங்கே கடத்துவாங்க. இங்கேயிருந்து அங்கே கொண்டுபோற ஆளை இன்னிக்குத்தான்யா பாக்கறேன்.”

கடைசி மிதவை

இந்த அமர்க்களத்தைச் சொன்னதும் திம்மராயப்பா சிரித்துவிட்டு, பறிக்கிறவரை தோட்டத்துக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. அதற்குள் கெம்பம்மாவுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. அந்தச் செய்திதான் முதலில் என் வயிற்றில் பால் வார்த்தது.

லாரியோடு அவரும் பெங்களூருக்கு வந்தார். மேனேஜர் என்னை நம்பாமல் தானே பழத்தைப் பிழிந்து மிதவையை விட்டார். மிதவை ஒரு தடவை அமிழ்ந்து, எழும்பி, நன்றாகத் தலை தூக்கி நின்றது. திம்மராயப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தல் பிழைத்தது. மேனேஜர் இன்னொரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு லாரியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பழம் ஃபஸ்ட் கிளாஸ். ஆனா போன தடவைக்குப் பாதிதானே இருக்கு? அடுத்த வருஷம் இதே பழத்தை ரெண்டு மடங்கா கொண்டுவரச் சொல்லு.”

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு பார்வையில் புரிந்த கணக்கு மேனேஜருக்குக் கடைசிவரை புரியாமலே இருந்ததால்தான், என் உத்தியோகம் அத்தனை வருஷம் ஓடியது.