சாவி என் பையில்

லிஃப்ட் ரிப்பேர் வேலையில் என் கூட்டாளிக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. ஒரு பேச்சை முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவான். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் எல்லாம் அரைகுறை. பெயிண்ட் அடிக்கிறேன் என்று சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றியவன், அவற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு எதையோ கழற்றப் போனான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் நிற்பான். அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விவாகரத்து வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அவள் பக்கம்தான் பேசினேன்.

லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் ஒருவன் இறங்கினால், மேலே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை இறங்குபவன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது விதி. அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? சாவி மேலே நிற்பவனிடமே இருக்கும். ஒருநாள் நான் கீழே இருப்பதையே மறந்து ரேடியோ சுவிட்சைப் போட்டுவிட்டான். லிஃப்ட் இறங்கி வந்தது. மூலையில் சுருண்டு கிடந்து உயிர் தப்பினேன். வெளியே வந்ததும் அவனைப் பளாரென்று அறைந்தேன்.

கம்பெனி அவனை டாக்டரிடம் அனுப்பியது. பல தடவை உட்காரவைத்து விசாரித்த பிறகு அவர், ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறாம். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறதாம்.

"நான் ஒரு சோம்பேறி, திமிர் புடிச்சவன்னே இத்தனை வருஷமா நம்பிட்டேன்டா," என்று ஆஸ்பத்திரி வாசலில் அழுதான். எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாவமாகவும் இருந்தது.

மாத்திரை கேட்டது. பேச்சு ஒரே ஸ்டேஷனில் நின்றது. அலமாரிக் கதவுகள் ஏறின. பார்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, எனக்குப் புத்தி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், சாவியை மறுபடி அவனிடமே கொடுத்தேன். சொத்தையே எழுதிவைத்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

ஆனால் மாத்திரை போடவும் ஞாபகம் வேண்டுமே! அலாரம் அடித்தால் கை அதுபாட்டுக்கு அணைத்துவிடும். விஷயம் கேள்விப்பட்டு, விவாகரத்து வாங்கிப் போன அவன் மனைவிதான் தினமும் காலையில் ஃபோன் செய்து, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமானது.

"இனிமே நான் கூப்பிட்டா நல்லா இருக்காதுங்க. நீங்களே பாத்துக்கங்க," என்று அவனிடம் சொன்னாளாம்.

அதன்பிறகு, மாத்திரை போட மறந்துபோன நாட்களில் சுவிட்சைப் பூட்டிவிட்டு இறங்கி வந்து, இன்று என்னை நம்பாதே என்பதுபோல் சாவியை என் கையில் திணிப்பான். அந்த மாதிரி நாட்கள் கூடிக்கொண்டே போயின. டாக்டர் சொன்னபடி மாத்திரை டப்பாவைப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு சேர்த்துக் கட்டினேன். காலையில் நானே ஃபோனும் செய்தேன்.

"நீ என்ன என் பொண்டாட்டியாடா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் காலை, வேலைக்குப் போன கட்டடத்தின் வாசலில், என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. மேலே போய்ப் பூட்டிவிட்டு வந்தவன் சாவியை நீட்டினான்.

"இப்பத்தானேடா முழுங்கின? நான்தான் பார்த்தேனே."

"முழுங்கினேன்," என்றான். "இன்னைக்கு அவளுக்குக் கல்யாணம்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.