படகுக்காரியைத் தேடிய கதை

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி சட்னி அரைக்கும்போதே நின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு பழைய பெட்டி டிவியின் முதுகைக் கழற்றி வைத்து, சோதிப்பதற்காக ஸ்விட்சைப் போட்டார். சற்று நேரத்தில் உள்ளே இருந்த தூசி சூடாகி ஒரு மணம் கிளம்பியது. உங்களுக்கும் தெரிந்திருக்கும் அந்த மணம். கருகலுக்கு ஒரு படி முன்னால் நின்றுவிடுகிற, லேசாக இனிக்கிற மணம். மிக்ஸி எதற்கு வந்தது என்பதையே மறந்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன சார், டிவி வேணுமா? யாருமே கேக்க மாட்டேங்காங்க, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன். ஆனால் அதற்குள் நான் ராஜபாளையத்தில், ஒரு நூற்பு மில்லின் கெஸ்ட் ஹவுஸில், சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டர் வேலை பழக வந்திருந்த புதிது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். மேற்கே மலை கூடவே வரும். மேகம் இறங்கியிருக்கும் நாட்களில் மலை பாதியில் முடிந்துபோயிருக்கும். மீதி மலையை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதுபோல் தோன்றும்.

மில்லுக்கு நூல் சுற்றும் புது மெஷின்கள் ஜப்பானிலிருந்து வந்திருந்தன. அவற்றை மாட்டிக்கொடுக்க ஒரு எஞ்சினியரும் வந்தார். நிஷிதா என்று பெயர். நாங்கள் நிசிதா சார் என்போம். அவருக்கு எடுபிடியாக என்னையும் எலக்ட்ரீஷியன் சுப்புராஜாவையும் போட்டார்கள். சுப்புராஜா உள்ளூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. என்னை "ஒரேய்" என்று கூப்பிட ஆரம்பித்து, ஒரு மாதத்தில் "மாப்ள" என்பதற்கு வந்துவிட்டான்.

நிசிதா சார் ஒரு தேநீர் போட்டுக் குடிப்பார். நனைந்த வைக்கோல் வாசம் அடிக்கும். மரியாதைக்காக நானும் குடித்தேன். சுப்புராஜா ஒரு மடக்கு குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று கைஜாடை காட்டித் தப்பித்தான். அவருடைய இன்னொரு பழக்கம்தான் மில் முழுக்கப் பேச்சாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கெஸ்ட் ஹவுஸ் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொம்மைப் படம் பார்ப்பார். நாற்பது வயது மனிதர், நரைகூட விழுந்திருந்தது.

மெஷின் உதிரி பாகங்கள் வரும் பெட்டியோடு அவர் மனைவி வீடியோ கேசட்டுகளும் வைத்து அனுப்புவார். அவர்கள் ஊர் டிவியில் வாராவாரம் வந்துகொண்டிருந்த தொடர் அது. அப்பாவும் மகளும் ஒன்றாகப் பார்த்துவந்தது. அப்பா இங்கே வந்துவிட்டதால் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவுசெய்து அனுப்பினார்கள். இதை அவர் எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்குள் சொன்னார்: "மை டாட்டர் சீ. ஐ சீ. டுகெதர்." பிறகு யோசித்து, "லிட்டில் லேட்" என்றார்.

முதலில் நாங்கள் கேலி செய்யத்தான் போனோம். டிவியில் படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டிருந்தது. அந்த ஊர் கேசட் இந்த ஊர் டிவிக்குச் சரிவராது. பின்பக்கம் இருந்த திருகை நான் பிடித்துத் திருப்பியபடி இருந்தால் படம் நிற்கும்; மூக்கருகே அந்தச் சூடான தூசி மணம் அடிக்கும். நிறம் மட்டும் வரவே இல்லை. கறுப்பு வெள்ளைதான். திருகைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் நான் ஒவ்வொரு ஞாயிறும் போகவேண்டியதாயிற்று. அப்படித்தான் வீட்டில் சொன்னேன். உண்மையில் அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் போனேன்.

பன்னிரண்டு வயதிருக்கும் அவளுக்கு. கழுத்தோடு வெட்டிய முடி, முழங்கால் வரை தொங்கும் மழைக்கோட்டு. புகைபோக்கி வைத்த ஒரு சின்னப் படகில், தீவு தீவாகத் தபால் கொண்டுபோவாள். ஒவ்வொரு தீவிலும் இறங்கி யாரிடமாவது எதையோ கேட்பாள். அவர்கள் தலையாட்டுவார்கள். மறுபடி படகேறுவாள். பேச்சு ஒன்றும் புரியாது. கடலும் மழையும் படகு எஞ்சினின் டுப்டுப் சத்தமும் புரிந்தன. நாங்கள் அவளுக்குப் படகுக்காரி என்று பெயர் வைத்தோம்.

"என்னத்தத்தான் கேக்கா இவ?" என்றான் சுப்புராஜா ஒருநாள்.

நிசிதா சாருக்கு அந்தக் கேள்வி எப்படியோ விளங்கியது. "பிரதர்" என்றார். "கோ சீ. நோ கம்." கடலுக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை, அவனைத்தான் கேட்கிறாள்.

நான் திருகை விட்டுவிட்டேன். படம் உருள ஆரம்பித்தது. சுப்புராஜா என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும்.

எங்கள் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனையும் அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தார். மூன்றாவது தடவையும் மார்பளவு போதவில்லை என்று ஆளெடுப்பில் அண்ணனைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று இரவு சாப்பாட்டின்போது அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை இங்கே வேண்டாம். விடிந்தபோது அண்ணன் இல்லை. பம்பாயில் தாராவியில் இட்லிக் கடை ஒன்றில் பார்த்ததாக யாரோ சொல்ல, ரயில் ஏறிப் போய் விசாரித்தேன். அந்தக் கடையை நடத்திய அம்மா, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தேன். அதன் பிறகுதான் மில்லில் சேர்ந்தேன்.

ஆக, அந்தப் படத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று உங்களுக்குப் புரியும். ஒவ்வொரு தீவிலும் அவள் இறங்கும்போது, கேட்கப்போவது நான்தான் என்பதுபோல் திருகை இறுக்கிப் பிடிப்பேன். திங்கட்கிழமை மில்லில் ஸ்பானர் பிடித்திருக்கும்போதும் காதில் டுப்டுப் என்று கேட்கும். மெஷின் சத்தத்துக்கு நடுவே எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், கேட்டது.

மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் நிசிதா சார் கிளம்பிவிட்டார். படம் முடிந்திருக்கவில்லை. மிச்சக் கேசட்டுகளை அனுப்புவதாகச் சொல்லி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எதுவும் வரவில்லை. மறந்திருப்பார். ஊருக்குப் போய் மகளோடு உட்கார்ந்து பார்த்த மனிதருக்கு மறக்கத்தான் செய்யும்.

சுப்புராஜாவும் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். முதல் விடுமுறையில் வந்தவன் என்னைத் தேடி மில் வாசலுக்கே வந்துவிட்டான். கையில் சென்ட் பாட்டில், வாயெல்லாம் சிரிப்பு.

"மாப்ள, நம்ம படகுக்காரி அங்க டிவில வாரா! அரபில பேசுதாடே!"

அரபு நாட்டு டிவிகளில் அந்தக் காலத்தில் ஜப்பான் பொம்மைப் படங்களை மொழிமாற்றிப் போட்டார்களாம். இவர்கள் தங்கியிருந்த கேம்ப்பில் சாயங்காலம் அதுதான் ஓடுமாம். சஞ்சீவி மலை அடிவாரத்தில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் அப்போது வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் போய் ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இனி இல்லை என்று காரியத்தைச் செய்துவிடலாம் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அப்பா மறுக்கவில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இதை அவனிடம் சொன்னேன். அவன் ஒரு குச்சியால் பாறையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"முடிவு பாத்தியாலே?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"என்னாச்சு?"

"கண்டுபிடிச்சிட்டா" என்றான். "மொதல்ல ஒரு துறைமுகத்துல கேட்டப்ப இல்லன்னு சொன்னாங்கல்லா? அங்கயேதான் இருந்திருக்கான். ரெண்டாந்தடவ போய்க் கேட்டா. இருந்தான்."

அந்த வாரமே லீவு எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பொம்மைப் படத்தை நம்பிப் பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தாராவியில் அதே சந்து, அதே ஆவி. இட்லிக் கொப்பரையைத் திறந்த அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன தடவையும் நீதானய்யா வந்த?"

"ஆமா."

"உக்காரு" என்றவர், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏலே, உந் தம்பி மறுக்கா வந்திருக்காம்லே. இனிமே என்னால பொய் சொல்ல முடியாது, ஆமா."

மாவுக் கையோடு அண்ணன் வெளியே வந்தான். அவன் இலையைப் போட்டு நான்கு இட்லி வைத்தான். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். உடனே அவன் என்னோடு வந்துவிடவில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தான். அப்பா வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்து, "மெலிஞ்சுட்ட" என்றார். அவ்வளவுதான் அவர் மன்னிப்புக் கேட்டது.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், இரண்டு மில் மாற்றம். படகுக்காரி எங்கேயோ போய்விட்டாள். கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகுதான் ஒருநாள் சும்மா தேடிப் பார்த்தேன். படத்தின் பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? கேசட்டுகளில் இருந்த எழுத்துகள் கோலம்போல மட்டுமே நினைவில் இருந்தன. பழைய ஜப்பான் பொம்மைப் படங்களைத் தேடுகிறவர்களின் குழு ஒன்று இணையத்தில் இருப்பது தெரிந்து அதில் சேர்ந்தேன். பால்பாயிண்ட் பேனாவால் அந்தப் படகை வரைந்து போட்டேன். அது பிரஷர் குக்கரா என்று ஒருவர் கேட்டார்.

அந்தக் குழுவைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். பெருவில் ஒரு பஸ் டிரைவர், ஒற்றைக்கண் இயந்திர மனிதன் வரும் படத்தைத் தேடுகிறார். மணிலாவில் ஒரு அம்மாவுக்குப் படமே ஞாபகமில்லை, முடிவில் வரும் மெட்டு மட்டும் தெரியும். அதை முனகிப் பதிவுசெய்து போட்டிருந்தார். கடைகளில் கிடைக்காத, மறுபடி வெளியிடப்படாத, எடுத்த கம்பெனியே மூடிப்போன படங்கள். எங்கோ ஒரு பரணில் பூஞ்சை பிடித்த கேசட் ஒன்று அகப்பட்டால் குழுவே திருவிழாபோல ஆகிவிடும். ஒரு துண்டு கிடைக்கும், அடுத்த துண்டு வேறு நாட்டில் இருக்கும். அந்தக் காத்திருப்பில் ஒரு சுகம் இருந்தது. பகல் தூக்கத்தில் பாதி விழித்திருப்பதுபோல. பார்த்தது நிஜமா, நானே கட்டிக்கொண்டதா என்று தெரியாத ஒரு மிதப்பு.

"பேத்தி பாக்க வேண்டியத எல்லாம் தாத்தா பாக்காக" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பேத்திக்கு அதில் ஆர்வமே இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் பதில் போட்டார். என் பிரஷர் குக்கரை அவர் அடையாளம் கண்டுகொண்டார். சின்ன வயதில் அவருடைய அக்கா அரபு டிவியிலிருந்து பதிவுசெய்து வைத்தவை, கடைசிப் பாகம் உட்பட, இருந்தன. கணினிக்கு மாற்றி அனுப்பிவைத்தார்.

திறந்ததும் எனக்கு ஒரு அதிர்ச்சி. அவள் மழைக்கோட்டு மஞ்சள் நிறம். நல்ல மாம்பழ மஞ்சள். இத்தனை வருஷம் நான் அதைச் சாம்பல் நிறமாகவே நினைத்திருந்தேன். கடலும் அப்படி ஒரு பச்சை. அந்த டுப்டுப் மட்டும் மாறவில்லை.

கடைசிப் பாகத்தில் அவள் கடைசித் தீவுக்குப் போகிறாள். ஒரு கிழவர் கையை நீட்டிக் கடலைக் காட்டுகிறார். அவள் அண்ணன் வந்து, தங்கி, எப்போதோ போய்விட்டான் என்று டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். அவள் துறைமுகக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பனி விழுகிறது. பிறகு எழுந்து, படகின் அடுப்பில் விறகு வைத்து, வந்த வழியே திரும்புகிறாள். அவ்வளவுதான். இரண்டாம் தடவை கேட்பதும் இல்லை, அண்ணனும் இல்லை.

மறுநாள் காலையில் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். சுப்புராஜா ஊரோடு வந்துவிட்டவன். பேண்டேஜ் துணி நெய்கிற நாலைந்து தறி வைத்திருக்கிறான். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"ஏலே, அவ கண்டுபிடிக்கவே இல்லையேடா!"

"எவ?"

"படகுக்காரி!"

அவன் உள்ளே போய்த் தறிகளை நிறுத்திவிட்டு வந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். காதெல்லாம் பஞ்சு.

"நான் கடைசிப் படம் பாக்கவே இல்ல மாப்ள. அன்னைக்கு எனக்கு டூட்டி மாத்திப் போட்டுட்டானுவ."

"பொறவு ஏன் அப்படிச் சொன்ன?"

"அந்தப் பாறையில உக்காந்திருந்தப்ப உம் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குல்லா தெரியும்." துண்டை உதறித் தோளில் போட்டான். "நீ டிக்கெட் எடுப்பேன்னு நெனைக்கல. போய் உங்கண்ணன் இல்லன்னா என்ன ஆவும்னு எனக்கு ஷார்ஜாவுல தூக்கமே வரல."

போனிலேயே அவனுக்கு அந்தப் பாகத்தைப் போட்டுக் காட்டினேன். நின்றுகிடந்த தறிகளுக்கு நடுவே, ஒரு நூல் மூட்டையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்தோம். பனி விழும்போது, "பாவம்டே" என்றான். பிறகு எனக்கு டீ சொன்னான்.

அந்த மில்லை இப்போது மனை போட்டு விற்றுவிட்டார்கள். கெஸ்ட் ஹவுஸ் இருந்த இடம் எது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. போன மாதம் அந்தப் படத்தை யாரோ முழுதாக, சுத்தம் செய்து, ஆங்கில வரிகளோடு இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கீழே முதல் ஆள் எழுதியிருப்பதே முடிவைத்தான்: அண்ணன் கிடைக்க மாட்டான் என்று. நல்ல காரியம்தான், நானும் விருப்பக்குறி போட்டேன். அப்போதெல்லாம் ஒரு வாரம் தவறினால் தவறியதுதான். பார்த்தவன் ஊருக்கு வரும்வரை காத்திருந்து, அவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவான்.