துண்டுக்குள் பேசிய வாடகை

சித்தூர், வியாழக்கிழமை பிற்பகல். கல்யாண விருந்தில் ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டுக் குறட்டை விட்டவனுக்காக ரயில் காத்திருக்குமா? போயே போய்விட்டது. நண்பனுக்கு மிஷன் கோயிலில் கல்யாணம். அதை முடித்துக்கொண்டு திருப்பதியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பட்டணத்துக்கு ரயிலேறுவது என் திட்டம். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் பதினோரு அணா சொச்சம். அடுத்த வண்டி வரை ஸ்டேஷன் பெஞ்சில் ஈ ஓட்டப் பிடிக்காமல் வெல்ல மண்டிப் பக்கம் நடந்தேன். திருப்பதிக்குச் சரக்கு ஏற்றும் மாட்டுவண்டிகள் அங்கேதான் நிற்கும்.

மண்டி வாசலில் செங்கல்வராயர் அகப்பட்டார். வண்டித் தரகர். சரக்கு வைத்திருப்பவருக்கு வண்டியும், வண்டி வைத்திருப்பவனுக்குச் சரக்கும் பிடித்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. தொந்தி, வெற்றிலை, வாய் கொள்ளாத சிரிப்பு. அன்றைக்குச் சிரிப்பு மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. வலது கை முழுக்கக் கட்டு. சக்கரத்தில் சிக்கி விரல்கள் நசுங்கிவிட்டனவாம்.

"நீங்க வெளியூரா ஐயா?"

"ஆமாம். திருப்பதிக்கு வண்டியில் இடம் கிடைக்குமா?"

"கெடைக்கும். காசு வாணாம். உங்க கையை மட்டும் கொஞ்சம் குடுங்க."

ஆளுக்குப் பைத்தியமோ என்று பார்த்தேன். இல்லை. அந்த மண்டியில் வாடகையை வாயால் பேசுவதில்லை. தோளிலிருக்கும் துண்டை இரண்டு கைகளின் மேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலை அழுத்திப் பேசுவார்கள். ஓர் அழுத்து ஒரு ரூபாய். சம்மதமென்றால் எதிராளி கையை இறுக்குவான், இல்லையென்றால் உருவிக்கொள்வான். மண்டிக்காரர் கொடுப்பது வண்டிக்காரனுக்குத் தெரியாது. வண்டிக்காரன் வாங்குவது மண்டிக்காரருக்குத் தெரியாது. நடுவில் மிஞ்சுவது தரகருக்கு. வாயால் சொன்னால் வழியில் வண்டியின் அச்சு முறியும் என்று நம்பிக்கை. இடது கையால் பேசுவதோ அபசகுனம்.

"உள்ளூர்க்காரன் கையைக் கடன் வாங்கினா நாளைக்கு ஊரே பேசும். நீங்க ரயிலேறிப் போய்க்கினே இருப்பீங்க. துண்டுக்குள்ள நடந்தது துண்டுக்குள்ள, இன்னா?"

சரியென்று கையை நீட்டினேன். அவர் எனக்குப் பின்னால் நின்று இடது கையால் என் முதுகில் தட்டுவார். தட்டியபடி நான் அழுத்த வேண்டும். மண்டிக்காரரிடம் எட்டு அழுத்தினேன், உருவிக்கொண்டார். ஏழு என்றதும் இறுக்கினார். அப்புறம் வண்டிக்காரன் கோவிந்தன் வந்தான். நாலுக்குக் கையை வெடுக்கென்று பிடுங்கினான். ஐந்துக்கு இறுக்கினான். கல் மாதிரிக் கை. என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

ஆக, தரகருக்கு இரண்டு ரூபாய். அந்த ரகசியத்தையும் சுமந்துகொண்டு, வெல்ல மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

வியாழன் இருட்டுவதற்குள் பத்து மைல் கடந்து பூதலப்பட்டுக்கு வந்தோம். சத்திரத்தில் படுக்கை. வெள்ளி காலை மறுபடி பயணம். இரு பக்கமும் கரும்பு, மாந்தோப்பு, குன்றுகள். கோவிந்தன் தன் கேழ்வரகுக் களியில் பாதியை இலையோடு என் பக்கம் தள்ளினான்.

"துன்னுங்க ஐயா. பட்டணத்துல இதெல்லாம் எங்க கெடைக்கப்போவுது?"

கூடவே கொள்ளுத் துவையல். அடடா, கல்யாண விருந்தை அதற்கு ஈடாகச் சொல்லமாட்டேன். தின்றுகொண்டே அவன் ஒரு சேதி சொன்னான்.

"இதாங்க கடைசி நடை. திர்ப்பதில ஒரு ஆளு மாட்டைப் பாக்க வர்றான். வித்துட்டு லாரில கிளீனரா சேந்துக்கப்போறேன்."

"ஏன்? மாடு நல்லாத்தானே இருக்கிறது?"

"மாட்டுக்கு இன்னா, ராசா மாதிரி கீது. எம்பொஞ்சாதி மூணு நாளா அதும் கழுத்தைக் கட்டிக்கினு அழுவறா. எனக்குத்தான் மனசு வுட்டுப்போச்சு. மண்டிக்காரரு பத்து ரூபா குடுக்கறாரு. எனக்கு அஞ்சு. வெயில்ல வேவறது நானு, வெத்தலை மென்னுக்கினு அஞ்சு துன்னறது தரகரு. நாயமா இது?"

"பத்து என்று யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இல்லாட்டி எதுக்கு மறைக்கணும்?"

என்னை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுக்குள் கை வைத்தவனைக் கேட்பது முறையில்லையாம். கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை! வாக்குக் கொடுத்தவன் நான். மாடுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று செவலை, ஒன்று மயிலை. அவன் சாட்டையைத் தொடவேயில்லை. நாக்கைச் சொடுக்கினால் போதும், நடையை எட்டிப் போட்டன.

பாகாலாவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வெல்லத்துக்கு மழை எமன். கோவிந்தன் தன் கம்பளியை உருவி மூட்டைகளின் மேல் போட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்துகொண்டே நடந்தான். என் குடையையும் பிடுங்கி ஒரு மூலையில் செருகினான். அப்படியும் ஒரு மூட்டை கசிந்துவிட்டது. அன்றிரவு சந்திரகிரியில் தங்கினோம். கோட்டையைப் பார்க்க ஆசைதான், ஆனால் ஈர வேட்டியோடு எந்த ராஜாவைப் போய்ப் பார்ப்பது?

சனிக்கிழமை காலை, திருப்பதி. ஏழெட்டு மைல் தூரமும் மலை கூடவே வந்தது. தெருவெல்லாம் மொட்டைத் தலைகள், சந்தனம், கோவிந்தா கோவிந்தா என்ற குரல். நம் கோவிந்தன் முதல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். வெல்லத்தை இறக்கவேண்டிய கடையின் கடைக்காரர் கசிந்த மூட்டையைத் தொட்டு விரலை மோந்தார்.

"தடிசிபோயிந்தே! ஒரு ரூபா கட். செங்கல்வராயுடு கணக்குல ராசுகுண்டானு" என்றார். நனைந்ததற்கான பிடித்தத்தைத் தரகர் கணக்கில் எழுதிக்கொள்கிறாராம்.

"உனக்கில்லையா?" என்று கோவிந்தனைக் கேட்டேன்.

"எப்பவுமே அவுரு கணக்குதான். போவட்டுமே! அஞ்சுல ஒண்ணு போனா அவுரு தொந்தி கரைஞ்சுடுமா?"

அந்தச் சமயம் பார்த்து மாடு வாங்குகிறவன் வந்து, செவலையின் வாயைப் பிளந்து பல் பார்க்க ஆரம்பித்தான். மாடு மிரண்டு கோவிந்தனின் பக்கம் ஒதுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு இல்லை கோவிந்தா, ரெண்டு! மண்டிக்காரர் கொடுத்தது ஏழுதான்."

அவன் என்னையே பார்த்தான்.

"ஏழா?"

"இந்தக் கையால்தான் அழுத்தினேன். இப்போது அதிலும் ஒன்று போய்விட்டது."

"அட நாசமாப் போவ! ரெண்டா? ரெண்டு ரூபாய்க்கா இந்த ஆளு இத்தினி வருசமா எங்கிட்ட திட்டு வாங்கிக்கினு கெடந்தாரு? மாடு தடுக்கினாக்கூட அவுரைத்தான் திட்டுவேன் ஐயா! சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

சிரித்தான், பாதிச் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாட்டின் வாயிலிருந்த கையைத் தட்டிவிட்டு, "போ போ, விக்கலை" என்றான். வந்தவன் தெலுங்கில் வைதுகொண்டே போனான்.

தரகர் லாபத்துக்குச் சர்க்கார் வரம்பு கட்ட வேண்டும் என்று எங்கள் பட்டணத்துத் துறைமுகத் தெருவில் காரசாரமாகப் பேசுவோம். நானும் பேசியவன்தான். வரம்பு எவ்வளவு என்று இப்போது கேட்டால் விழிப்பேன். செங்கல்வராயர் வாங்குவது அதிகமா குறைவா, தெரியாது. எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருக்கிறது. என் மேல் கோபம் வரும், வரட்டும். அவர் மறைத்ததால்தான் நல்ல வண்டிக்காரன் ஒருவனை இழக்க இருந்தார்.

ஸ்டேஷன் வாசலில் கோவிந்தன் என்னை இறக்கிவிட்டான்.

"அப்போ அதே அஞ்சு ரூபாய்க்கு ஓட்டப் போகிறாயா?" என்றேன்.

"அதெப்படி? அஞ்சரை கேப்பேன். ஏழுல அஞ்சரை கேக்கலாமில்ல?"

"துண்டுக்குள்ளா?"

"இல்ல ஐயா," என்று மாட்டைத் திருப்பினான். "மண்டில எல்லாரும் நிக்கறப்ப, வாயாலயே கேப்பேன். அச்சு முறிஞ்சா முறியட்டும்."